"அரசு முன்வருமா?": வடசென்னைப் பிள்ளைகள் மக்கள் பிரதிநிதியிடம் பேசுவது எப்படி

"எங்களுக்கு ஓட்டே கிடையாது. நாங்க சொன்னா எம்.எல்.ஏ. கேப்பாரா?"

தண்டையார்பேட்டையிலோ கொடுங்கையூரிலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளிடம் குப்பைக்கிடங்கு, பஸ், சாக்கடை என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பார். உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் நாலு ஓட்டு இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வது வேறு, கேட்டதை எடுத்துக்கொண்டு போய் அவையில் பேசுவது வேறு. முதலாவது சுலபமாக நடந்துவிடும். இரண்டாவது நடக்க, நீங்கள் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்தாக வேண்டும்.

வயசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஓட்டுப் போட 18. மாநகராட்சிக் கவுன்சிலராகப் போட்டியிட 21. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. ஓட்டு வயது 21 ஆக இருந்ததை 18 ஆகக் குறைத்தது அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம்; 1989-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போதெல்லாம் 17 வயது முடிந்தவுடனே வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்து வைக்கலாம், 18 ஆனதும் பட்டியலில் பெயர் ஏறும். இந்த வயதுகள் எல்லாம் தேர்தலுக்கானவை. தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு. இந்தியா 1992-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

பக்கத்தில் இருக்கும் உதாரணமே போதும். 2022 மார்ச்சில் சென்னை மேயரான ஆர். பிரியா, திரு.வி.க. நகர்ப் பக்கம் 74-வது வார்டில் ஜெயித்து வந்தவர். அப்போது அவருக்கு வயது 28.

ஏரியாவில் ஆரம்பித்த ஒரு குறை சட்டமாகவே ஆன கதையும் வடசென்னையில் உண்டு. பெரம்பூர்ப் பக்கம் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம். சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, திரு.வி.க.வும் அதில் முன்னணியில் நின்றார். 1920-ல் கம்பெனி, சங்கத் தலைவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. ஆள் சேர்த்துக் குறையைச் சொன்னதற்கே வழக்கு வருமென்றால் அப்புறம் எந்தச் சங்கம் நிற்கும்? 1921-ல் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் எழுந்து, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 15 வயது நிரம்பியவர்கள் சங்க உறுப்பினராகலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஓட்டுரிமைக்கு 21 வயது கேட்ட நாட்டில், பல ஆண்டுகளுக்கு முன்பே 15 வயதுக்காரருக்குச் சட்டம் ஓர் இடம் கொடுத்திருந்தது.

இளைஞர்கள் என்றாலே எல்லோரும் 2017 மெரினாவைச் சொல்வார்கள். உண்மைதான். ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக்கான சட்டத் திருத்தம் பேரவையில் ஒரே நாளில் நிறைவேறியது, அவ்வளவு கூட்டம் கடற்கரையில் நின்றதால். ஆனால் உங்கள் தெரு பிரச்சினைக்கு அத்தனை பேர் வரமாட்டார்கள். வரவும் தேவையில்லை. நான்கு பேர், ஒரு நோட்டுப் புத்தகம், சரியான வாசல், சரியான மாதம்: பெரும்பாலான விஷயங்களுக்கு இதுவே போதும்.

எந்த வாசல்?

இதில்தான் பெரியவர்களே குழம்புகிறார்கள். தெரு விளக்கு எரியவில்லை என்று எம்.பி.யிடமும், ரயில் நிற்கவில்லை என்று கவுன்சிலரிடமும் மனு கொடுப்பவர்கள் உண்டு. அவர்களும் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது அங்கேயே கிடக்கும்.

மாநகராட்சியில் 200 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். தெரு விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உள் தெருக்கள், விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளி எல்லாம் இங்கே. மழைநீர் வடிகால்தான் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் மெட்ரோ வாட்டர், அது மாநில அரசின் கீழ் வரும் வாரியம். தெருவில் நிற்கும் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று பார்க்காமல் மனு எழுதினால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். ஒரே ஒரு பல்பு எரியவில்லை என்றால் அதற்கு மக்கள் பிரதிநிதியே வேண்டாம், மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குப் போன் போட்டால் போதும். வருஷா வருஷம் அதே இருட்டு என்றால்தான் கவுன்சிலர்.

மாநகரப் பேருந்து, போலீஸ், மின்சாரம், அரசு மருத்துவமனை, மாசுக் கட்டுப்பாடு வாரியம் இவையெல்லாம் மாநில அரசு. ஆகவே எம்.எல்.ஏ.விடம் போக வேண்டும். சட்டப் பேரவையில் மொத்தம் 234 பேர். வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். துறைமுகம், புறநகர் ரயில், தேசிய நெடுஞ்சாலை என்றால் ஒன்றிய அரசு, அதற்கு எம்.பி.

ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தால் இது புரியும். கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்தின் காசிமேட்டு வாசலான ஜீரோ கேட்டுக்குப் போக எண்ணூர் விரைவு சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளை வடசென்னைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பள்ளி நேரத்தில் அந்த வரிசைக்கு நடுவில் சைக்கிளில் போகும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "லாரித் தொல்லை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று பிரச்சினை. பள்ளி நேரத்தில் கனரக வாகனத்தை நிறுத்தி வைப்பது போக்குவரத்துப் போலீஸின் வேலை; அது எம்.எல்.ஏ. வழியாகப் போகும். துறைமுக வாசலில் லாரிகள் தேங்காமல் உள்ளே போவது துறைமுகத்தின் வேலை, அது எம்.பி. வழியாக. சாலையோர நடைபாதை, கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு, விளக்கு ஆகியவை அந்தச் சாலை யாருடையதோ அவர்கள் வேலை. மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலை ஆணையமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூவருக்கும் அது அடுத்தவர் வேலையாகவே தெரியும்.

மனுவில் என்ன எழுதுவது?

நம்மூர் மனுவுக்கு என்று ஒரு நடை இருக்கிறது. "எங்கள் பகுதி மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகிறோம். தாங்கள் தக்க நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." இதைப் படிக்கும் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அண்ணனுக்கு என்ன ஆவன செய்வது என்றே தெரியாது. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

எம்.எல்.ஏ. பேரவையில் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தால் மனுவை எப்படி எழுதுவது என்பது விளங்கும். கேள்வி நேரத்தில் எழுந்து, பேரவைத் தலைவர் வாயிலாக அமைச்சரிடம் கேட்பார். இன்ன தொகுதியில், இன்ன இடத்தில், இன்ன நிலைமை. இதைச் செய்து தர அரசு முன்வருமா? அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் மனுவின் கடைசி வரிக்குப் பின்னால் "அரசு முன்வருமா?" என்று ஒட்டிப் பாருங்கள். "ஆவன செய்ய அரசு முன்வருமா?" என்றால் அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9 வரை இந்தப் பள்ளி வாசல் வழியாகக் கன்டெய்னர் லாரிகள் போவதை நிறுத்த அரசு முன்வருமா?" என்றால் முடியும், முடியாது, ஏன் முடியாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த வரிக்கு முன்னால் ஒரு பக்கத்துக்குள் ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றதும் பயப்பட வேண்டாம். பள்ளி காம்பவுண்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, இரண்டு பேர், ஒருவர் எண்ண ஒருவர் எழுத, ஒரு மணி நேரம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. இரண்டு வாரம் பள்ளி நாட்களில் இப்படி எழுதினால் உங்களிடம் இருப்பது எந்த அலுவலகத்திலும் இல்லாத கணக்கு. பஸ் என்றால் தடம் எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம். கழிப்பறை என்றால் எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் எந்த நாட்களில் தண்ணீர் வரவில்லை. நாற்றம் என்றால் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது. மணலியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

கூட்டிச் சொல்லாதீர்கள். பத்து லாரி போனால் பத்து என்றே எழுதுங்கள். ஒரு எண் தப்பு என்று தெரிந்தால் மற்ற எல்லா எண்ணையும் தள்ளிவிடுவார்கள்.

எப்போது போவது?

மாதம் முக்கியம். மாநில நிதிநிலை அறிக்கை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அதன் பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் விவாதம், நடக்கும். ஒரு நாள் பள்ளிக் கல்வி, ஒரு நாள் போக்குவரத்து, ஒரு நாள் காவல் என்று. எம்.எல்.ஏ.க்கள் தொகுதிக் கோரிக்கைகளை அடுக்கும் நாட்கள் அவை. அந்த நேரத்தில் அவருக்குப் பேச விஷயம் தேவைப்படும். உங்களிடம் விஷயம் இருக்கிறது. எனவே டிசம்பர், ஜனவரியிலேயே மனு அவர் கைக்குப் போய்விட வேண்டும். பரீட்சை எல்லாம் முடிந்து ஓய்வாகப் போனால் உங்கள் துறையின் விவாதமே முடிந்திருக்கலாம்.

வகுப்பறை, நிழற்குடை போன்ற சின்ன வேலை என்றால் பேரவைக்கே போக வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு வருகிறது; எம்.பி.க்கு 5 கோடி. பெரிய வேலை என்றால் பெரிய திட்டத்தில் சேர்க்கச் சொல்லலாம். வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாய்க்கு அறிவித்தார்கள், பிறகு அது இன்னும் பெரிதானது. அதில் உங்கள் ஏரியாவுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி.

அலுவலகத்தில் என்ன நடக்கும்?

நான்கு பேர் போதும். பதினைந்து பேர் போனால் நெரிசல்தான், பேச்சு நடக்காது. யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஒரு பெற்றோரோ ஆசிரியரோ கூட வரட்டும், ஆனால் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும். பெரியவர்கள் வாயைத் திறந்தால் பத்து வருஷத்துக் கதையும் வரும். கவுன்சிலர் என்றால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"என்னம்மா, என்ன விஷயம்?"

"அக்கா, எங்க ஸ்கூல் வாசல்ல ரோடு தாண்டுற எடத்துல லைட் இல்ல, கோடும் இல்ல. ரெண்டு வாரம் எண்ணி எழுதியிருக்கோம்."

"சரிம்மா, குடுத்துட்டுப் போ. பாக்குறேன்."

இந்த "பாக்குறேன்" இருக்கிறதே, அதில் பொய் இல்லை, வாக்குறுதியும் இல்லை. இங்கே எழுந்து வந்துவிடாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "அடுத்த மன்றக் கூட்டத்துல பேசுவீங்களாக்கா? நாங்க எப்ப வந்து கேக்கலாம்?" கோபமாகக் கேட்க வேண்டாம், சும்மா கேட்டால் போதும். ஒரு தேதி வாயில் வந்துவிட்டால் அது இருவருக்கும் நினைவிருக்கும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும், இருந்தால் சீலும் வாங்குங்கள். இதைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். வாங்காமல் வந்தால் அப்புறம் மனு கொடுத்ததற்கே சாட்சி இல்லை.

போட்டோ எடுப்பார்கள். சால்வை, கட்சித் துண்டு எல்லாம் பக்கத்தில் இருக்கும். போட்டோவில் நிற்பதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் போகும் முன்பே நால்வரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கட்சிக் கொடியோடு படம் வந்தால், அடுத்த தேர்தலுக்குப் பிறகு வருகிறவர் உங்களை அந்தக் கட்சிப் பிள்ளைகள் என்றே பார்ப்பார்.

பள்ளிப் பக்கம் போதைப்பொருள் விற்பது, வீட்டிலோ தெருவிலோ அடி, அத்துமீறல் போன்ற விஷயங்களுக்கு இந்த வழி வேண்டாம். மனுவில் பிள்ளைகளின் பெயரும் கையெழுத்தும் இருக்கும், அது எத்தனை கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. ஏரியா பிரச்சினையாக எழுப்புவதென்றால் பெரியவர்கள் பெயரில் போகட்டும்.

எம்.எல்.ஏ.யைப் பார்க்கவே முடியவில்லை என்றால்?

பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பலருக்கும் தெரியாது. எம்.எல்.ஏ.க்கள் சிலர் உறுப்பினராக இருக்கும் குழு இது. மாவட்டங்களுக்கு வருவதற்கு முன் மனு கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுப்பார்கள். பல நாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும்; ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, கடன், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு இவற்றை எடுக்கமாட்டார்கள். லாரி விஷயத்தை மூன்றாகப் பிரித்ததற்கு இங்கேயும் பலன் கிடைக்கும்.

மனுக்கள் குழுவைவிட எனக்குப் பிடித்தது அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் "செய்து தரப்படும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது நடந்ததா என்று பின்தொடர்ந்து கேட்பது இந்தக் குழுவின் வேலை. அதனால்தான் அமைச்சர்கள் "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அளந்து பேசுகிறார்கள். உங்கள் கேள்விக்கு எந்த வாக்கியம் பதிலாக வந்தது என்று எழுத்தெழுத்தாகக் குறித்து வையுங்கள்.

வார்டு அளவில் பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் இது தொடங்கியது. கிராம சபைக்கு நகரத்துத் தம்பி என்று சொல்லலாம். கூட்டத்தில் வாக்காளரான அம்மா எழுந்து பேசட்டும், அவர் கையில் இருக்கும் குறிப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு மேடையும் உண்டு. புதிய ஆலை, விரிவாக்கம் என்று வரும்போது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இங்கே உட்கார்ந்திருப்பது சட்டம் போடுகிறவர்கள் இல்லை. மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளும். ஆனால் நீங்கள் பேசுவது வீடியோவில் பதிவாகும், கூட்டம் முடியும்போது சொன்னதைச் சுருக்கி உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும். 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரும், எழுத்திலும் கருத்து அனுப்பலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததையும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து நடுராத்திரியில் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடியதையும் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஆலைக்காக ஆலோசனை நிறுவனம் எழுதிய தடித்த சுற்றுச்சூழல் அறிக்கையில் இது எப்படி இருக்கும் என்று தேடிப் பார்த்து, இல்லாததை எழுந்து சொன்னால் அது பதிவில் ஏறும். மைக் முன்னால் கை நடுங்கினால் எழுதி வைத்துப் படியுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. "குடிமக்கள்" என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது, வயது எதையும் குறிப்பிடவில்லை. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஏன் செய்யவில்லை என்று சண்டை பிடிக்கும் இடம் அது இல்லை. ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். "இன்ன தேதியில் நாங்கள் கொடுத்த மனு உங்கள் அலுவலகத்தில் எந்த எண்ணில் பதிவாகியுள்ளது? அதன்மீது யார், எந்தத் தேதியில், என்ன குறிப்பு எழுதினார்கள்? அந்தக் குறிப்பின் நகல் தரவும்." 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். சீல் வாங்கி வைத்த அந்த நகலை இந்தக் கடிதத்தோடு இணைக்க மறக்காதீர்கள்.